அம்மாவுக்கு மட்டும் புரியும் தம்பியின் மொழி

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடத்தில் வசிக்கிறோம். என் தம்பிக்கு 23 வயது. பிறந்தது முதல் மூளை முடக்குவாதம் இருக்கிறது, பேச்சு வரவில்லை. வலது கை இறுகியிருக்கும், இடது கையை ஓரளவு அசைப்பான். முகத்தைப் பார்த்தே அவனுக்கு என்ன வேண்டும் என்பதை அம்மா சொல்லிவிடுவார். போன மாதம் அம்மாவுக்கு மதுரையில் அறுவை சிகிச்சை நடந்ததால், பன்னிரண்டு நாட்கள் தம்பியை நான்தான் பார்த்துக்கொண்டேன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அந்த நாட்களில் தம்பி சாப்பாட்டைத் தள்ளிவிட்டான், கன்னத்தில் அறைந்துகொண்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வயதில் அவனுக்குச் சைகை பழக்க முடியுமா? சைகை பழகினால் இப்போது எழுப்புகிற ஓரிரு ஒலியும் நின்றுவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சகோதரி, பழக்க முடியும். நாற்பது வயதைக் கடந்த பிறகு தொடங்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். உறவினர்களின் அச்சம் பல வீடுகளில் கேட்கக்கூடியதுதான். ஆனால் சைகையும் படங்களும் பழகியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் அவற்றால் பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை, சிலருக்கு ஒலிகள் சற்றுக் கூடவே செய்தன. சொல்லும் கையசைவும் ஒன்றாகக் கிடைக்கும்போது சொல்லைப் பிடித்துக்கொள்வது எளிதாகிறது என்பதே என் அனுபவமும்.

சைகைக்குப் போவதற்கு முன் அந்தக் கன்னத்து அறையைப் பற்றிப் பேச வேண்டும். பேச முடியாத ஒருவர் சாப்பாட்டையும் தள்ளிவிட்டுக் கன்னத்திலும் அடித்துக்கொண்டால், முதலில் பல்லையும் காதையும் பார்க்க வேண்டும். அம்மா இல்லாத ஏக்கமாகவும் அது இருந்திருக்கலாம். ஆனால் ஏக்கம் என்று நாமாக முடிவு செய்துவிட்டால் சொத்தைப் பல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மலச்சிக்கலும், உணவு மேலேறி நெஞ்சை எரிக்கும் தொல்லையும் அதிகம் என்பதால், மருத்துவரிடம் அவற்றையும் கேளுங்கள். அதே பயணத்தில் கேட்கும் திறனையும் பார்வையையும் பரிசோதித்துவிடுங்கள். தெளிவாகத் தெரியாத படத்தைக் காட்டிவிட்டு ‘இவனுக்குப் புரியவில்லை’ என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

அடுத்த வேலை உங்கள் அம்மாவிடம் இருக்கிறது. 23 ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்திருக்கும் அறிவு எங்கும் எழுதப்படவில்லை. ஒரு நீளமான நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டங்கள் போட்டு, தம்பி என்ன செய்கிறான், அதற்கு என்ன பொருள் என்று அம்மா நினைக்கிறார், அப்போது அவர் என்ன செய்வார் என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘வெளியே படகு இஞ்சின் சத்தம் கேட்டதும் கண்களை வாசல் பக்கம் திருப்புகிறான், அப்பா வந்துவிட்டாரா என்று கேட்கிறான், இன்னும் வரவில்லை, நாளைக் காலை வருவார் என்று சொல்லி வாசலோரம் நாற்காலியைத் தள்ளி வைப்பேன்’ என்று அவர் சொன்னால், அவருடைய வார்த்தைகளிலேயே எழுதுங்கள். கேட்டவுடன் எல்லாம் அவருக்கு நினைவுக்கு வராது. செய்வது அவருக்குக் கையில் பழகிப்போயிருப்பதால், குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் நீங்கள் பக்கத்தில் இருந்து, ‘இப்போது ஏன் தம்ளரைக் கீழே வைத்தீர்கள்?’ என்று கேட்டால்தான், ‘உதட்டை உள்ளே இழுத்தானே, பார்க்கவில்லையா?’ என்ற பதில் வரும். இரண்டு வாரம் இப்படிச் செய்தால் உங்கள் தம்பிக்கு ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். புதிதாகக் கற்க வேண்டியவர்களில் முதல் ஆள் நீங்கள்தான்.

இனி, தேர்வு செய்ய வைப்பது. இதில்தான் பெரும்பாலான வீடுகள் சறுக்குகின்றன என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அவன் கண் மட்டத்துக்கு நேராக உட்காருங்கள். இரண்டு பொருட்களை, அவன் தோள் அகலத்துக்குத் தள்ளித் தள்ளிப் பிடியுங்கள். நடுவில் உங்கள் முகம் தெரிய வேண்டும், அப்போதுதான் அவன் உங்களைப் பார்க்கிறானா பொருளைப் பார்க்கிறானா என்று பிரித்தறிய முடியும். தொடக்கத்தில் அவனுக்கு மிகவும் பிடித்த ஒன்றும் பிடிக்காத ஒன்றும் இருக்கட்டும். ‘பழமா, ரொட்டியா?’ என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனத்துக்குள் பதினைந்து வரை எண்ணுங்கள். அவன் உடல், நினைத்த உடனே அசைகிற உடல் அன்று. பதில் சொல்ல முயலும்போதே தசைகள் மேலும் இறுகும். ஐந்தாவது நொடியில் நாம் மறுபடி கேட்டால், பாதி வழியில் வந்துகொண்டிருந்த பதில் அறுந்துபோகும், அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கண் போன பொருளைக் கொடுத்துவிட்டு முகத்தைக் கவனியுங்கள். மலர்கிறதா, சுளிக்கிறதா? பிறகு பொருட்களைக் கை மாற்றிப் பிடித்து மறுபடி ஒரு முறை கேளுங்கள். தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டில், ‘இவன் எப்போதும் பாலையே கேட்கிறான்’ என்று சொன்னார்கள். தம்ளர்களை இடம் மாற்றிப் பிடித்ததும் அவன் தேநீரைப் பார்த்தான். அடுத்த முறை மாற்றியதும் மறுபடி பால். அவன் வலப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஏனென்றால் கழுத்து அந்தப் பக்கம்தான் எளிதாகத் திரும்பியது. அன்று முதல் தம்ளர்களை மேலும் கீழுமாகப் பிடித்தார்கள். பாலை அவன் விரும்பியதே இல்லை என்பது ஒரு வாரத்துக்குள் தெரிந்தது. அந்தத் தாய் அழுதது எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதையே தேர்ந்தெடுக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. கேட்கும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள்.

இரண்டுமே வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்வதோ முகத்தைத் திருப்பிக்கொள்வதோ அவனிடம் இயல்பாக இருந்தால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்வது என்றால், உண்மையிலேயே அந்தத் தட்டை எடுத்துவிடுவது. ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் ஒரு வாய் ஊட்டப்பட்டால், சொல்லிப் பயனில்லை என்பதை அவன் அந்த ஒரு வாயில் கற்றுக்கொள்வான். பிறகு கன்னத்தில் அறைந்துகொள்வதைத் தவிர அவனுக்கு வழி தெரியாது. ஆகவே மறுக்க முடியாததைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். வலிப்பு மாத்திரையை அவன் உண்டே ஆக வேண்டும் என்றால் ‘மாத்திரை வேண்டுமா?’ என்று கேட்பது அவனை ஏமாற்றுவதாகும். ‘இப்போது மாத்திரை, சாதத்தோடா, பழத்தோடா?’ என்று கேட்டால் அது நேர்மையான கேள்வி. சாப்பாட்டோடு நின்றுவிடவும் கூடாது. எந்தச் சட்டை, முதலில் குளியலா கடற்கரையா, யார் அவன் நாற்காலியைத் தள்ளுவது, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வந்தால் உள்ளே வரலாமா என்பவையெல்லாம் 23 வயது இளைஞன் முடிவு செய்ய வேண்டியவை.

ஆம், இல்லை என்பதற்கு நம் ஊர்த் தலையாட்டலை நம்ப வேண்டாம். மேலும் கீழும், பக்கவாட்டில், இரண்டுக்கும் நடுவில் என்று நாம் ஆட்டுவது நமக்கே சில நேரம் விளங்காது. கழுத்துத் தசைகள் கட்டுப்படாத ஒருவருக்கு அது இன்னும் கடினம். ஒன்றோடு ஒன்று குழம்பாத இரண்டு அசைவுகளை அவனிடமிருந்தே எடுங்கள். கண்களை மேலே உயர்த்துவது ‘ஆம்’, இறுக மூடுவது ‘இல்லை’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘மூடுவது’ ஏற்கெனவே ‘வேண்டாம்’ என்றால் இரண்டும் பொருந்திவிடும்.

சைகையை இடது கைக்கு மட்டும் ஏற்ற மாதிரி அமையுங்கள். சொற்களோடு கையசைவைச் சேர்த்துப் பழக்கும் முறைகள் 1970-களிலிருந்தே வெளிநாடுகளில் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பல சைகைகளுக்கு இரண்டு கைகளும் வேண்டும். உங்களுக்கு முதலில் நான்கு போதும்: ‘இன்னும்’, ‘போதும்’, ‘வலி’, ‘இங்கே வா’. சாதம், தண்ணீர், வண்டி என்று பொருட்களின் பெயர்களிலிருந்து தொடங்கினால் அந்தப் பொருள் இருக்கும் இடத்தில் மட்டும்தான் சைகை உதவும்; ‘போதும்’ என்பதோ ஊட்டும்போதும், தலை வாரும்போதும், விருந்தாளி அதிக நேரம் பேசும்போதும் உதவும். கை முழுவதும் அசையாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளங்கையை மேசையில் ஒரு முறை தட்டுவதை ‘போதும்’ என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டால் அதுவே சைகை. அவன் கையைப் பிடித்து இழுத்துச் செய்ய வைக்காதீர்கள். நீங்கள் வாயால் சொல்லிக்கொண்டே உங்கள் கையால் செய்யுங்கள், அவன் திருப்பிச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்காமல் சில வாரங்களாவது செய்யுங்கள். நம் குழந்தைகளும் பேசத் தொடங்குவதற்கு முன் ஓராண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

பொருளைக் காட்டித் தேர்ந்தெடுப்பது உறுதியான பிறகு புகைப்படத்துக்குப் போகலாம். கடையில் விற்கும் வண்ணப் படங்களை விட, உங்கள் வீட்டுத் தம்ளரையும் உங்கள் வீட்டுப் பாயையும் போனில் எடுத்து அச்சிடுவதே நல்லது. உப்புக் காற்றில் காகித அட்டை சீக்கிரம் நமுத்துச் சுருண்டுவிடும். லேமினேட் செய்துவிடுங்கள், ஆனால் வெளிச்சம் பட்டுப் பளபளக்காத கோணத்தில் காட்டுங்கள். சென்னையில் உருவான ‘அவாஸ்’ போன்ற, படத்தைத் தொட்டால் பேசும் செயலிகளும் இருக்கின்றன. அதற்குப் பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அதைத் தொட எந்த விரல், எந்த நிலையில் உட்கார்ந்தால் கை எட்டும் என்பதை அவரும் உடற்பயிற்சி சிகிச்சையாளரும் சேர்ந்து சொல்ல முடியும். முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலும் இதற்கு வழிகாட்டுவார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிருங்கள். அவன் கையையோ முழங்கையையோ பிறர் தாங்கிப் பிடித்து, எழுத்துப் பலகையில் எழுத வைத்து, அவன் மனத்தில் இருப்பது வெளிவருகிறது என்று சொல்லும் முறை ஒன்று உண்டு. 1990-களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வெளிவந்தவை கையைப் பிடித்திருந்தவரின் சொற்கள், பெரும்பாலும் அவரே அறியாமல். உங்கள் தம்பியின் வாயில் வேறொருவர் சொல்லை வைப்பது, அவனைப் பேசவிடாமல் இருப்பதை விடத் தவறு.

அப்பாவை இதிலிருந்து விட்டுவிட வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் 61 நாட்களும் அவர் வீட்டில்தான் இருப்பார். அந்த நாட்களில் மாலைச் சாப்பாட்டை அவர் ஊட்டட்டும், நான்கு சைகைகளையும் அவர் பழகிக்கொள்ளட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது அந்த நோட்டின் முதல் இரண்டு பக்கங்களின் நகலையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோடு பையில் வையுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘தகவல் தொடர்பு’ என்பதில் சைகையையும் மாற்றுத் தொடர்பு முறைகளையும் சேர்த்தே வரையறுக்கிறது. ஆகவே மருத்துவர் உங்களிடம் மட்டும் கேட்டால், ‘அவனிடமே கேளுங்கள், கண்ணை உயர்த்தினால் ஆம்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

அம்மாவுக்கு உடல் தேறியதும், வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை முழுவதும் நீங்களே கொடுங்கள். அம்மா அடுத்த அறையில் இருக்கட்டும். தம்பி குரல் எழுப்பினாலும், நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டாலும், அவர் எழுந்து வந்து ‘அவன் தண்ணீர் கேட்கிறான்’ என்று சொல்ல வேண்டாம். அவருக்கு அது கடினமாக இருக்கும். சாப்பாடு முடிந்த பிறகு நோட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.