வாசகர் கேள்விகள்: பாரிஸ், பிராங்க், பிழைகள்

கேள்வி: முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்க எழுத்தாளர்கள் கூட்டமாகப் பாரிஸில் போய்க் குடியேறியது கலைத்தாகத்தாலா?

பதில்: தாகம் இருந்தது. அதோடு நாணய மாற்று விகிதமும் இருந்தது. போருக்கு முன் ஒரு டாலருக்கு பிரெஞ்சு நாணயமான பிராங்க் 5க்குச் சற்றே கூடுதலாகக் கிடைத்தது. 1926 ஜூலையில் ஏறக்குறைய 50. பிரான்ஸில் விலைவாசி ஏறினாலும் பிராங்க் சரிந்த வேகத்துக்கு ஏறவில்லை. அந்த இடைவெளியில்தான் வெளிநாட்டார் காலம் தள்ளினார்கள். வருமானம் டாலரில் வரவேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேக்கு டொரான்டோ பத்திரிகைச் சம்பளமும் மனைவி ஹாட்லியின் சொத்து வருமானமும் இருந்தன. அவர்களுடைய முதல் வீட்டுக்குக் கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில்தான். ஆனாலும் பாரிஸ் பட்டினிக் கதைகளைக் கொஞ்சம் கழிவு போட்டே படியுங்கள்.

கேள்வி: ஜேம்ஸ் ஜாய்ஸின் ஆங்கில நாவலான ‘யுலிஸிஸ்’ பிரான்ஸில் அச்சானது ஏன்? முதல் பதிப்பில் அத்தனை பிழைகளாமே?

பதில்: இங்கிலாந்தில் ஆபாச வழக்கு வந்தால் பதிப்பாளரோடு அச்சகத்தாரும் சிக்குவார், அதனால் அச்சுக் கோக்க ஆள் கிடைக்கவில்லை. நியூயார்க்கில் அதைத் தொடராக வெளியிட்ட இதழ் 1921இல் தண்டிக்கப்பட்டது. பாரிஸில் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ புத்தகக்கடை நடத்திய சில்வியா பீச் முன்வந்தார். முன்பதிவு சேர்த்து, திஜோன் நகர அச்சகர் தரான்தியேரிடம் கொடுத்தார். மொத்தம் 1000 பிரதிகள்: கையெழுத்திட்ட 100 பிரதிகள் 350 பிராங்க், 150 பிரதிகள் 250 பிராங்க், மீதி 750 பிரதிகள் 150 பிராங்க்.

பிழைக்கு முதல் காரணம், அச்சுக் கோத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியாது. அதைவிடப் பெரிய காரணம் ஜாய்ஸ்தான். புரூஃப் (பிழை பார்க்க எடுக்கும் அச்சுப்படி) திருத்துவதற்குப் பதிலாக அதன் ஓரங்களில் புதிதாக எழுதித் தள்ளினார். நூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சேர்ந்தது. கையால் கோத்த பத்தியின் நடுவே நாலு சொல் நுழைத்தால் கீழே உள்ள வரிகளைப் பிரித்து மறுபடி கோக்கவேண்டும். பழைய பிழை போகும், புதியது வரும். ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளான 1922 பிப்ரவரி 2க்குள் வேண்டும் என்ற அவசரம் வேறு. அன்று காலை ரயிலில் வந்து சேர்ந்தவை இரண்டே பிரதிகள்!

கேள்வி: ஹெமிங்வேயின் கையெழுத்துப் பிரதிகள் ரயிலில் தொலைந்தது உண்மையா?

பதில்: உண்மை. 1922 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்குப் புறப்பட்ட ஹாட்லியின் பெட்டி, பாரிஸின் ‘கார் த லியோன்’ ரயில் நிலையத்தில் களவு போனது. மூலப் பிரதியையும் கார்பன் நகலையும் சேர்த்தே அதில் வைத்திருந்தார். நகல் எடுத்த பயனே போயிற்று. ஓர் இதழாசிரியருக்கு அனுப்பியிருந்த ஒரு கதையும், மேசை இழுப்பறையில் கிடந்த இன்னொன்றும் தப்பின.

கேள்வி: அந்தக் கூட்டம் எப்போது கலைந்தது?

பதில்: 1929 பங்குச்சந்தைச் சரிவில் பலருக்கு ஊரிலிருந்து வந்த பணம் நின்றது. 1926க்குப் பின் பிராங்க் ஓரளவு மீண்டு டாலருக்கு 25க்குச் சற்று மேல் என நின்றிருந்தது. 1933-34இல் டாலரின் மதிப்பே குறைக்கப்பட, அதே டாலருக்கு 15 பிராங்க் அளவே கிடைத்தது. மாதம் 100 டாலரில் வாழ்ந்தவருக்கு 2,500 பிராங்க் 1,500 ஆயிற்று. சில்வியா பீச் போகவில்லை. 1941 வரை கடையைத் திறந்து வைத்திருந்தார்.