தம்பி, பயத்தில் துவக்கு வாங்காதீர்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள தண்டர் பேயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். படிக்க வந்தவர், நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து எட்டு மாதம் ஆகிறது. வேலையிடத்தில் பாதிப் பேர் மான் வேட்டைக்குப் போகிறவர்கள். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. அரசாங்கம் ஒவ்வொரு துவக்காகத் தடை செய்துகொண்டு வருகிறதே, எல்லாம் போவதற்கு முன் எஸ்.கே.எஸ் என்ற துவக்கு ஒன்றை வாங்கி வைத்துவிடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே வாங்கவா, எந்தக் கம்பனி நல்லது, குறிபார்க்கும் ஸ்கோப்புக்கு எவ்வளவு செலவாகும் என்பவை அவருடைய கேள்விகள்.

கம்பனியையும் ஸ்கோப்பையும் விடுங்கள் தம்பி. கடையில் எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தால் எது பொருந்துகிறது என்று உங்களுக்கே தெரியும். நான் பதில் சொல்ல வந்தது அந்த ‘உடனே’ என்ற சொல்லுக்குத்தான்.

முதலில், கனடாவில் யாரும் உடனே துவக்கு வாங்க முடியாது. பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். அதன் பிறகு உரிமத்துக்கு விண்ணப்பம். முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. நடைமுறையில் இதைவிட நீளும். ஒன்ராறியோவில் வேட்டைக்கு இன்னொரு வகுப்பும் இன்னொரு அட்டையும் வேண்டும். குடியுரிமை தேவையில்லை. நிரந்தர வதிவாளருக்கு உரிமம் கிடைக்காது என்று நம்மவர்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

அந்த விண்ணப்பத்தில் மன அழுத்தம், விவாகரத்து, வேலையிழப்பு பற்றியெல்லாம் கேட்பார்கள். மனைவியோ துணையோ இருந்தால் அவருக்கும் தெரியப்படுத்துவார்கள். அகதிக் கோரிக்கைப் படிவம் நிரப்பிப் பழகிய நம்மவர்களில் சிலருக்கு, எந்தக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ‘ஆம்’ என்று எழுதினால் கூடுதலாக விசாரிப்பார்கள், அவ்வளவுதான். பொய் எழுதுவது குற்றம்.

இப்போது தடை விஷயம். 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் ஒருவன் 22 பேரைக் கொன்றான். அவனுக்கு உரிமமே கிடையாது. அவனிடமிருந்த துவக்குகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து கடத்தி வந்தவை. ஆனால் மே 1ஆம் தேதி ஏ.ஆர்-15 என்ற துவக்கு உட்பட ஏறத்தாழ 1,500 துவக்கு மாதிரிகளுக்குத் தடை வந்தது. 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையை முடக்கினார்கள். 2024 டிசம்பரில் இன்னும் 324 மாதிரிகள், 2025 மார்ச்சில் 179. எனக்கும் இதில் கோபம் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் ஒழுங்காக உரிமம் புதுப்பித்தவனைத் துரத்திக்கொண்டு, எல்லை தாண்டி வருவதை விட்டுவைத்தால் கோபம் வராதா?

ஆனால் அந்தப் பட்டியல்களைக் கவனமாகப் பாருங்கள். பெரும்பாலானவை தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கித் துவக்குகள். 10,000 ஜூலுக்கு மேல் சக்தியுள்ளவற்றைத் தவிர, ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ளுகிற சாதாரண போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துவக்கை அவை தொடவில்லை. மானுக்கு அது போதும். முப்பது வருடமாக நான் வைத்திருப்பதும் அதுதான்.

எஸ்.கே.எஸ் வேறு கதை. அதுவும் அரைத்தானியங்கிதான். 2022 நவம்பரில் அதைத் தடையில் சேர்க்கப் பார்த்தார்கள். அதை வைத்து வேட்டையாடும் பூர்வகுடி மக்களும் மற்ற வேட்டைக்காரர்களும் எதிர்த்ததால் 2023 பெப்ரவரியில் பின்வாங்கினார்கள். 2025 மார்ச்சுப் பட்டியலிலும் அது சேரவில்லை. அதனால்தான் ‘இப்போதே வாங்கு’ என்கிறார்கள். ஸ்காபறோவில் என் நண்பர் ஒருவர் இதே பேச்சைக் கேட்டு, 2020 தொடக்கத்தில் கறுப்பு நிற அரைத்தானியங்கி ஒன்றை ஆயிரத்துச் சொச்சம் டொலருக்கு வாங்கினார். மே மாதம் தடை. சுடவும் முடியாது, விற்கவும் முடியாது. அதற்குப் பிறகு வருடக்கணக்காக அது அவருடைய பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பயம் சொன்ன துவக்கைத்தான் அவர் தேடி எடுத்தார். தடையும் அதைத்தான் தேடி வந்தது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வீட்டைக் காவல் காக்க என்று வாங்குகிறவர்கள். இது அமெரிக்கா இல்லை. துவக்கில் ரவை இல்லாமல் பூட்டி வைக்க வேண்டும், ரவையைத் தனியாகவோ பூட்டியோ வைக்க வேண்டும். கள்ளன் வரும்போது எடுத்து நீட்ட அது அங்கே இருக்காது. இருந்தால் நீங்கள் சட்டத்தை மீறியிருக்கிறீர்கள். என் பெட்டிச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. உரிமம் இல்லாத என் மனைவிக்கு, முப்பத்திரண்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தும், அது எங்கே என்று தெரியாது.

ஒன்றும் வாங்காமல் முதலில் உங்கள் வேலைத் தோழர்களோடு சுடுதளத்துக்குப் போங்கள். உரிமம் உள்ளவர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கவனித்தால் நீங்களும் சுடலாம். போர் நடந்த நம் ஊரில் பிறந்தவர் என்றால் இதை அவசியம் செய்யுங்கள். சத்தம் உங்களை என்ன செய்கிறது என்று வாங்குவதற்கு முன் தெரிய வேண்டும்.

நான் 1989இல் மொன்றியலில் வந்திறங்கினேன். முதல் பனிக்காலம். டிசம்பர் 6ஆம் தேதி இரவு, ஆறு பேர் தங்கிய அறையில் தொலைக்காட்சியைச் சுற்றி நின்றோம். பொறியியல் கல்லூரிக்குள் புகுந்து ஒருவன் பதினான்கு பெண்களைக் கொன்றிருந்தான். பிரெஞ்சு யாருக்கும் விளங்கவில்லை, தூக்குப்படுக்கைகள் விளங்கின. துவக்குச் சத்தத்துக்குத் தப்பி வந்தவர்கள் நாங்கள். அன்றிரவு யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் சட்பரிக்கு அருகே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவ வந்தேன். மேல்மாடியில் அறை. ஒக்டோபரில் ஒரு விடியற்காலை காட்டுப் பக்கம் இரண்டு வெடி கேட்டது. கண் விழித்தபோது நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் குப்புறக் கிடந்தேன். வேலைக்கு வரவில்லையே என்று தேடி வந்த சமையற்காரர், பின்லாந்து வம்சாவளி மனிதர், அப்படியே கண்டார். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை தன் துவக்கைக் கொண்டுவந்து, சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார். போல்ட்டை இழுத்துத் திறந்தார். என் சுண்டுவிரலைப் பிடித்து ரவை இருக்கும் அறைக்குள் விட்டார். உள்ளே குளிர்ந்த இரும்பும் எண்ணெயும் மட்டுமே. “தொட்டுப் பார். கண்ணை நம்பாதே, விரலை நம்பு” என்றார். இன்றுவரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

என் அம்மப்பாவிடம் வன்னியில் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. வயலுக்குப் பன்றி வராமல் காக்க, கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் அனுமதிப்பத்திரம் எடுத்து வைத்திருந்தார். 1985இல் ஆயுத இயக்கப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள், கொடுத்தார். அதன் பிறகு பன்றிக்குத் தகரம் தட்டினோம். பத்திரத்தை மட்டும் அவர் எறியவில்லை. பெட்டகத்தில் காணி உறுதிகளோடு மடித்து வைத்திருந்தார். போகும் என்று தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டீர்களா என்று ஒருநாள் கேட்டேன். “பன்றிக்குத்தானே வாங்கினது” என்றார்.

வகுப்பு முடிந்ததும் எழுதுங்கள் தம்பி. மான் பருவத்தில் இங்கே செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் இல்லாமல் காட்டுக்குள் வேட்டைக்குப் போக முடியாது. அந்தச் சமையற்காரர் தந்த மேலாடை ஒன்று என்னிடம் மிகுதியாக இருக்கிறது. அளவைச் சொன்னால் தபாலில் அனுப்பி வைக்கிறேன்.