வாசகர் கேள்வி பதில்: வீட்டுல இருக்குற பொருளை வெளிய தள்ளிட்டா போதுமா?

கேள்வி: மினிமலிசம், அதாவது கம்மியான பொருளோட வாழ்றது, பத்தி ஒரு வீடியோ பார்த்துட்டு கொஞ்ச நாளா வீட்டுல வேண்டாத பொருளை எல்லாம் வெளிய தள்ளிட்டு இருக்கேன். ரொம்ப நாளா தொடாத துணி, பிளாஸ்டிக் டப்பா, பழைய பை எல்லாத்தையும் மூட்டை கட்டியாச்சு. அதுக்குப் பதிலா கண்ணாடி ஜாடி, மூங்கில் பிரஷ், காட்டன் பைன்னு இயற்கைக்கு கெடுதல் இல்லாததா வாங்க லிஸ்ட் போட்டிருக்கேன். என் வீட்டுக்காரர் "இது எப்படி குறைக்கிறதாகும், புதுசாதானே வாங்குறே"ங்கிறார். யார் சொல்றது சரி?

பதில்: கோச்சுக்காதீங்க, உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி. வீட்டை ஒழுங்கு பண்ணணும்னு தோணினது நல்ல விஷயம், மனசுக்கும் லேசா இருக்கும், அதை நான் குறைச்சு சொல்லலை. ஆனா பூமிக்கு லாபம்னு பார்த்தா வீட்டை விட்டு எவ்வளவு வெளிய போகுதுங்கிறதைவிட எவ்வளவு உள்ள வருதுங்கிறதுதான் கணக்கு. உங்க பிளாஸ்டிக் டப்பாவை தயாரிக்க எரிச்ச எண்ணெய் எரிஞ்சு போச்சு, அதை தூக்கிப் போட்டா திரும்ப வரப்போறதில்லை, புதுசா ஒரு கண்ணாடி ஜாடிக்கு உலை எரியுது அவ்வளவுதான். பழைய பிளாஸ்டிக் டப்பாவுல சூடா எதையும் போடாதீங்க, மத்தபடி அது உடையுற வரைக்கும் ஆணி, நூல், பேனா ஏதாவது போட்டு வைங்க.

காட்டன் பை விஷயத்துல ஒரு கணக்கு சொல்றேன். டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018ல கடையில குடுக்குற பைகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சாதாரண பிளாஸ்டிக் பைக்கு சமமா வரணும்னா, காலநிலை பாதிப்பை மட்டும் எடுத்துக்கிட்டாலே ஒரு காட்டன் பையை 52 தடவை பயன்படுத்தணும், தண்ணி, ஓசோன் படலம்னு எல்லா பாதிப்பையும் சேர்த்தா 7,100 தடவை. பருத்தி விளைய தண்ணியும் உரமும் அவ்வளவு போகுது. கடல்லயும் தெருவுலயும் கிடக்குற பிளாஸ்டிக் குப்பையோட பாதிப்பு அந்த கணக்குல வரலை, அதனால இதை வச்சு பிளாஸ்டிக் நல்லதுன்னு யாரும் சொல்லக் கூடாது. ஆனா வீட்டுல ஏற்கனவே நாலு பை தொங்குறப்போ அஞ்சாவதா ஒரு காட்டன் பை எதுக்கு? இருக்குற பை எதுவோ அதையே கிழியுற வரைக்கும் எடுத்துட்டுப் போங்க, கிழிஞ்சா தைங்க.

அந்த துணி மூட்டையைப் பத்தியும் சொல்லியாகணும், ஏன்னா நிறைய பேர் தானம் குடுத்துட்டா முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. பழைய துணி பெரிய அளவுல கப்பல் ஏறி வேற நாட்டுக்குப் போகுது, கானாவுல அக்ரா நகரத்து கண்டமான்டோ சந்தைக்கு மூட்டை மூட்டையா வந்து இறங்குது, விக்காதது அங்க குப்பையாகி கடற்கரை வரைக்கும் போகுது, சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துல துணி மலையாவே குவிஞ்சு கிடக்கு. உடையிலேர்ந்து மறுபடி உடையா மாறுறது 1 சதவீதத்துக்கும் கம்மின்னு எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017ல சொல்லுச்சு. அதனால மூட்டையைப் பிரிச்சு, போட்டுக்க முடிஞ்சதை நீங்களே போடுங்க, நல்லா இருக்குறதை "இது உனக்கு வேணுமா"ன்னு கேட்டு தெரிஞ்ச ஆள் கையில குடுங்க, மிச்சம் துடைக்கிற துணி. லிஸ்ட்டை மட்டும் கிழிச்சுடுங்க.

கேள்வி: என் போன் வாங்கி நாலு வருஷம் ஆச்சு, நல்லாத்தான் ஓடுது, சார்ஜ்தான் நிக்க மாட்டேங்குது. புது மாடல் கரண்ட் கம்மியா இழுக்கும், அதுவே சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு நண்பன் சொல்றான். மாத்திடலாமா?

பதில்: மாத்த வேண்டியது பேட்டரியை. ஒரு ஸ்மார்ட்போன் அதோட ஆயுசு முழுக்க உண்டாக்குற கார்பன்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் அது உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே, சுரங்கத்துலயும் சிப் தயாரிக்கிற ஃபேக்டரியிலயும் வெளியாயிடுது. நீங்க தினமும் சார்ஜ் போடுற கரண்ட் அதுல சின்ன பங்கு, அதுல மிச்சம் பிடிச்சு புது போனை ஈடுகட்டவே முடியாது. 2022ல உலகம் தூக்கிப் போட்ட மின்னணு குப்பை 6.2 கோடி டன், அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி பண்ணதா பதிவானது 22.3 சதவீதம்தான், இது ஐநா கணக்கு. பாதுகாப்பு அப்டேட் நின்னு போச்சுன்னா மட்டும் யோசிங்க, பேங்க் வேலையெல்லாம் அதுல பண்றோம் இல்லையா. ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன்லேர்ந்து வந்த விதிப்படி, ஒரு மாடல் விற்பனை நின்னப்புறமும் 5 வருஷம் அப்டேட் குடுக்கணும், 7 வருஷம் உதிரி பாகம் கிடைக்கணும். இப்படி ஒரு விதி எல்லா இடத்துலயும் வரணும்ங்கிறதுதான் என் ஆசை.

கேள்வி: அப்போ ரொம்ப பழைய ஃப்ரிட்ஜையும் வச்சுக்கிட்டே இருக்கணுமா?

பதில்: அங்க கணக்கு தலைகீழ். ஃப்ரிட்ஜ் ராத்திரி பகலா கரண்ட் இழுக்குது, அதனால தயாரிப்பைவிட ஓட்டத்துலதான் பாதிப்பு அதிகம். ரொம்ப பழசுன்னா மாத்துங்க, ஆனா பழையதை இன்னொரு ரூம்ல சொருகி ஓட்டாதீங்க, பண்ண நல்லதெல்லாம் போயிடும். உள்ள இருக்குற, குளிர வைக்கிற கேஸை முறையா எடுக்குற இடத்துல குடுங்க.

கேள்வி: உலகத்துல பணக்காரங்க ஜெட்ல பறக்குறாங்க. நான் ரெண்டு சட்டை கம்மியா வாங்கி என்ன ஆகப்போகுது?

பதில்: உங்க கோபம் நியாயமானது. வருமானத்துல மேல இருக்குற 10 சதவீதம் பேர்தான் உலக கார்பன்ல ஏறக்குறைய பாதிக்கு காரணம்னு ஆக்ஸ்ஃபாம்ங்கிற தொண்டு நிறுவனம் 2019ஆம் வருஷத்து கணக்கை எடுத்து காட்டுச்சு. அன்னாட செலவுக்கே திண்டாடுற குடும்பத்துக்கிட்ட போய் குறைச்சு வாழுன்னு சொல்றது எனக்கு கொஞ்சமும் பிடிக்காது, அவங்க எப்பவோ குறைச்சுதான் வாழ்றாங்க. ஆனா அந்த 10 சதவீதத்துல ஜெட் வச்சிருக்கிறவங்க கொஞ்சம் பேர்தான், கார், ஏசி, வருஷா வருஷம் விமானப் பயணம்னு இருக்குற குடும்பங்களும் நிறைய அதுல வரும், நீங்க அதுல இருக்கீங்களான்னு பாருங்க. இருந்தா ரெண்டு சட்டையை விடுங்க, ஒரு விமானப் பயணத்தை குறைச்சாலே அதைவிட பல மடங்கு குறையும். சட்டையில மிச்சம் பிடிச்ச காசுல டிக்கெட் போட்டா கணக்கு ஏறத்தான் செய்யும்.

கேள்வி: காட்டன் நல்லதா, பாலியஸ்டர் நல்லதா?

பதில்: அலமாரியில எது இருக்கோ அது. காட்டன் டி-ஷர்ட் ஒண்ணுக்கு சுமார் 2,700 லிட்டர் தண்ணி போகுது, பாலியஸ்டர் பெட்ரோலியத்துலேர்ந்து வருது, துவைக்கிறப்போ நுண் இழை உதிர்ந்து தண்ணியில கலக்குது. எதை எடுத்தாலும், எத்தனை தடவை போடுறோம்ங்கிறதுதான் பெருசா வித்தியாசம் பண்ணும். வேர்வை படாத துணியை ஒரு தடவை போட்டதும் மெஷின்ல தள்ள வேணாம், துவைக்கிறப்போ மெஷின் நிறைய போட்டு பச்சைத் தண்ணியில ஓட்டுங்க, இழை உதிர்றதும் குறையும், துணியும் ரொம்ப நாள் வரும்.