அழைப்பு மணியில் அப்பா பெயர்: ஜெர்மனி வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் 2013-ல் கும்பகோணத்திலிருந்து டோர்ட்முண்ட் போன ஆட்டோமேஷன் என்ஜினீயர். மனைவி அங்கேயே நர்ஸ்.)

மெக்கானிக்கல் முடித்து நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். வயது 29. 'ஜெர்மனி வாய்ப்பு அட்டை, வேலை கேரண்டி' என்று ஒரு ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

கொடுக்காதீர்கள் தம்பி. ஷான்ஸன்கார்ட்டே என்கிற அந்த அட்டை 2024 ஜூனில் வந்தது. ஒரு வருடம் வரை அங்கே தங்கி வேலை தேடிக்கொள்ளலாம் என்கிற அனுமதி, அவ்வளவுதான். தேடும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். அட்டை கொடுக்கிற அரசாங்கமே வேலைக்கு கேரண்டி சொல்லவில்லை, இவர் எங்கிருந்து சொல்கிறார்?

ஏஜென்ட் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கும். வெளிநாட்டுப் படிப்பை ஜெர்மனி எப்படி மதிக்கிறது என்று காட்டும் அனாபின் என்று ஒரு ஜெர்மன் தளம், இலவசம். அதில் உங்கள் பல்கலைக்கழகத்தையும் பட்டத்தையும் தேடுங்கள். பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டது, பட்டம் ஜெர்மன் பட்டத்துக்குச் சமம் என்று இருந்தால் அட்டைக்கான புள்ளிக்கணக்கே உங்களுக்கு வேண்டாம். இல்லாவிட்டால் ஆறு புள்ளி சேர்க்க வேண்டும். 35 வயதுக்குள் என்பதற்கு இரண்டு, படித்த துறையிலேயே அனுபவம் என்பதற்கு இரண்டு, ஆள் பற்றாக்குறை உள்ள தொழில் என்பதற்கு ஒன்று. ஐந்து ஆயிற்றா? ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை முடித்தால் (ஏ1, ஏ2, பி1, பி2 என்று நிலைகள் ஏறும்) ஆறாவதும் வந்துவிடும். இதற்கு எதற்கு மூன்றரை லட்சம்?

பணம் வேறு இடத்தில் தேவைப்படும். அங்கே இருக்கப்போகும் மாதங்களுக்கான செலவுக் காசை முன்கூட்டியே ஷ்பெர்கோன்ட்டோ என்ற முடக்குக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். 2025 கணக்குப்படி மாதம் 1,091 யூரோ. பெரிய தொகைதான். ஆனால் போய் இறங்கியதும் மாதாமாதம் உங்கள் கைக்கே திரும்பி வரும். ஏஜென்ட்டுக்குப் போனது வராது.

ஏ2-வோடு நிறுத்திவிடாதீர்கள். பெர்லினில் மென்பொருள் வேலைக்கு இங்கிலீஷ் போதும் என்பார்கள், சரி. உங்கள் மெக்கானிக்கல் வேலை இருப்பது சின்னச் சின்ன ஊர்களில், இருநூறு முந்நூறு பேர் வேலை செய்யும் கம்பெனிகளில். அங்கே ஷாப்புளோரில் ஃபோர்மேன் பேசுவது ஜெர்மன் மட்டும்தான். பி1 வரை ஊரிலேயே படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஐ.சி.யு.வில் எட்டு வருட அனுபவம், பி2 பாஸ். இங்கே வந்தால் 'உதவியாளர்' என்று போட்டு நோயாளிகளைக் குளிப்பாட்ட விடுகிறார்கள். அவமானமாக இருக்கிறது. திரும்பிவிடலாமா?
– பெயர் வேண்டாம், நாகர்கோவிலிலிருந்து வந்தவர்

இந்தக் கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நானும் முதல் மூன்று மாதம் பாத்ரூமில் அழுதேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, உதவியாளர் என்ற பதவியும் குறைந்த சம்பளமும். உங்கள் படிப்பை ஜெர்மன் படிப்போடு ஒப்பிட்டு, என்ன குறைகிறது என்று ஒரு கடிதம் தந்திருப்பார்கள். அதை ஈடுகட்டத் தகுதிப் பயிற்சி முடிக்கலாம், அல்லது தேர்வு எழுதலாம். முடித்ததும் முழு நர்ஸ், சம்பளமும் ஏறும். எது எப்போது என்று உங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை நம்பி உட்காராதீர்கள். வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, குளிப்பாட்டுவது. அது மாறப்போவதில்லை அம்மா. நம் ஊரில் ஆயாவும் நோயாளியின் சொந்தக்காரர்களும் செய்வதை அங்கே முழு நர்ஸும் செய்கிறார். முப்பது வருட சீனியர் நர்ஸ் ஒருவர் தாத்தாவுக்கு முதுகு தேய்த்துக்கொண்டே தோல் எங்கே சிவந்திருக்கிறது, மூச்சு எப்படி வாங்குகிறது என்று கவனிப்பதை என் மனைவி பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு மனசு ஆறியது.

பி2 பற்றியும் அவளுக்கு ஒரு கதை உண்டு. முதல் வாரம் ஒரு பெரியவர் "எண்டே, எண்டே" என்று அவசரமாகக் கேட்டிருக்கிறார். எண்டே என்றால் வாத்து. பாடப் புத்தகத்தில் குளத்தில் நீந்தும் அதே வாத்து. மனுஷனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து இவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அவர் கேட்டது படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பாட்டில். கழுத்து நீண்டு வாத்து மாதிரி இருப்பதால் ஆஸ்பத்திரியில் அதற்கு அந்தப் பெயர். அன்றிலிருந்து பாக்கெட்டில் ஒரு குட்டி நோட்டு வைத்து, வார்டில் காதில் விழும் சொற்களை எழுதிக்கொண்டாள். நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முழு நர்ஸ் என்கிற அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு திரும்புவதா வேண்டாமா என்று யோசிக்கலாம். அதற்கு முன்னால் வேண்டாம்.

டூசல்டார்ஃபுக்குக் கணவரோடு வந்து நான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு மாவு ஆட்டினேன். கதவில் யாரோ கோபமாகச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். எங்கள் நிறம்தான் காரணமா?
– ஒரு வாசகி

நிறத்துக்காக முறைப்பவர்கள் அங்கே இல்லவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இது கிரைண்டர்தான். ஞாயிறு ஓய்வு அவர்களுக்கு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. கடையும் கிடையாது, சுவரில் ஆணி அடிக்கவும் கூடாது. மற்ற நாட்களிலும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் ஆகாது. சில குடியிருப்புகளில் மதியம் இரண்டு மணி நேரமும் அமைதி நேரம். வாசலில் வீட்டு விதிகள் ஒட்டியிருக்கும், பாருங்கள்.

நேராக வீட்டுக்காரருக்கு எழுதாமல் உங்களுக்குச் சீட்டு எழுதியவர் நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் 'மன்னிக்கவும், தெரியாது, இனி சனிக்கிழமை' என்று ஜெர்மனில் நாலு வரி ஒட்டிவிடுங்கள். கிரைண்டருக்கு அடியில் மடித்த டவல் போடுங்கள், அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகாது. குளிர்காலத்தில் மாவு புளிக்காது, ஓவனில் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள்.

நான்கு மாதம் வீட்டிலேயே இருந்தால் சீட்டுகூடக் கத்தி மாதிரிதான் தெரியும். கணவர் புளூ கார்டில் (பட்டம் படித்த வெளிநாட்டவர்களுக்கான வேலை அனுமதி) இருந்தால் உங்களுக்கும் வேலை செய்ய முழு அனுமதி உண்டு, தெரியுமா? மாலை நேர ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். ஒரு வாரக் கடைசியில் ரயில் ஏறி ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய் வாருங்கள். போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் 2002-ல் எழுப்பிய கோயில், ராஜகோபுரமே உண்டு.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. ஜெர்மனியில் சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், திருச்சி

சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் உங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். விமானமே ஏறாத என் அப்பா டோர்ட்முண்டில் ஒரு அழைப்பு மணியில் பதின்மூன்று வருடமாக இருக்கிறார்.

அந்த மணிதான் முக்கியம். பெரும்பாலான வீடுகளுக்கு அங்கே கதவு எண் கிடையாது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவார். நான் போனபோது பெட்டியில் என் இனிஷியலோடு என் பெயரை மட்டும் எழுதி ஒட்டினேன். வரி எண் கடிதமும் பேங்க் கார்டும் 'இப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று திரும்பிப் போய்விட்டன. வரி எண் இல்லாததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி, அதாவது இருப்பதிலேயே அதிகமாகப் பிடிக்கும் வரி, பிடித்தார்கள். கையில் வந்ததைப் பார்த்து ஏதோ அபராதம் என்றே நினைத்தேன். எண்ணைக் கொடுத்த பிறகு திரும்பக் கிடைத்தது.

ஆகவே வீடு கிடைத்த அன்றே வீட்டுக்காரரிடம் குடிவந்ததற்கான படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு அந்தப் படிவம் கட்டாயம். அப்புறம் பெட்டியிலும் மணியிலும் அப்பா பெயரை ஒட்டிவிடுங்கள். எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.