ரோமுக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கே: ரோமுக்கு மூன்று நாள் போதுமா?
– மதுரை வாசகர்

ப: ரோமுக்கு மட்டும் என்றால் போதும். அதே மூன்று நாளில் ஃபுளோரன்ஸையும் வெனிஸையும் திணிப்பதாக இருந்தால் எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்? ஒரு நாள் கொலோசியம், ரோமன் ஃபோரம், பாலத்தீன் குன்று என்று பழைய ரோமின் இடிபாடுகள். ஒரு நாள் வாத்திக்கான். மிச்ச நாள் பான்தியன் என்ற பழைய ரோமக் கோயில், நவோனா சதுக்கம், திரேவி நீரூற்று என்று நடந்தே சுற்றலாம். கொலோசியத்தையும் வாத்திக்கான் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் போட்டால், சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு வந்து சேரும்போது கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்க்கக் கழுத்தில் தெம்பு இருக்காது.

கே: ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் வர எது மலிவு?
– கோவை வாசகி

ப: எந்த ஏர்போர்ட் என்று எழுதவில்லை, ரோமுக்கு இரண்டு உண்டு. ஃபியுமிசினோ என்றே எடுத்துக்கொள்கிறேன். பஸ் 7 யூரோ, டெர்மினி ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம். லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 14 யூரோ, அரை மணி, நடுவில் எங்கும் நிற்காது. 8 யூரோ சாதா ரயிலும் உண்டு. அது டெர்மினிக்குப் போகாது. திராஸ்தேவெரே, ஒஸ்தியென்சே, திபுர்தினா வழியாகப் போகும். அறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். காகித டிக்கெட்டை ஏறுமுன் மெஷினில் முத்திரை குத்தாவிட்டால், காசு கொடுத்து வாங்கியிருந்தும் அபராதம். டாக்சி, பழைய நகரத்தின் மதிலுக்குள் என்றால் நிர்ணயக் கட்டணம், சுமார் 55 யூரோ. வருகை வாசலில் காதோரம் வந்து ‘டாக்சி’ என்பவர் பின்னால் போகாதீர்கள். வெள்ளை வண்டி, கூரையில் பலகை, வரிசையில் நிற்கும், அதில் ஏறுங்கள்.

கே: கொலோசியம் டிக்கெட்டில் ‘எஸ்.’ என்று இன்ஷியல் போட்டுப் பெயர் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. உள்ளே விடுவார்களா?
– திருச்சி வாசகர்

ப: விடலாம், விடாமலும் போகலாம். வாசலில் நிற்பவர் மனதைப் பொறுத்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து அங்கே போய், ஒரு எழுத்துக்காக இன்னொருவர் மனதைப் பார்த்து நிற்க வேண்டுமா?

எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்கள் கேட்பதில்லை. கொலோசியம் டிக்கெட் இப்போது பெயர் போட்ட டிக்கெட். நுழைவில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். இன்ஷியல் என்றால் என்னவென்று அங்கிருப்பவருக்குத் தெரியாது. அது அப்பா பெயர் என்று நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து எதிரில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். சர்நேம் காலியாக இருந்து, பெயர் இரண்டு சொல்லாக இருந்தால் முதல் சொல்லை முதல் கட்டத்திலும் இரண்டாவதை அடுத்ததிலும் போடுங்கள். ஒற்றைச் சொல் என்றால் இரண்டு கட்டத்திலும் அதையே. இது அருங்காட்சியக டிக்கெட்டுக்கு மட்டும். விமான டிக்கெட்டுக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதி. பணம் கட்டுமுன் அவர்களிடமே கேளுங்கள். விசா, இன்ஷூரன்ஸ், விமானம், ஓட்டல், எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயர், முகநூல் பெயர் எதுவும் வேண்டாம்.

இந்தத் தகராறில் பாதி, ஏஜெண்டு மூலம் வாங்குவதால் வருகிறது. கொலோசியத்தின் சொந்தத் தளத்தில் சாதா டிக்கெட் 18 யூரோ. ஃபோரமும் பாலத்தீனும் அதிலேயே அடக்கம். பொதுவாக 30 நாள் முன்பு விற்பனை திறக்கும். கீழ்த்தளம் பார்க்கும் டிக்கெட் திறந்த வேகத்தில் தீரும். நாளை எண்ணி, அந்த நேரத்துக்கு உட்காருங்கள். ‘வரிசையைத் தாண்டி’ என்று வாசலில் கூவி விற்பவர், பாதுகாப்புச் சோதனை வரிசையைத் தாண்டவைக்க மாட்டார். அதை யாராலும் தாண்ட முடியாது.

கே: ரோமில் நான்கு நாள், பாரிசில் ஐந்து நாள். இறங்குவது ரோம். எந்த நாட்டு விசா?
– சேலம் வாசகர்

ப: பிரான்ஸ். அதிக நாள் தங்கும் நாடுதான் கணக்கு. நாள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் இறங்கும் நாடு. இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி.

கே: சுத்த சைவம். ரோமில் பட்டினிதானா?
– கும்பகோணம் வாசகி

ப: பட்டினி இல்லை, கவனம் வேண்டும். கார்பொனாரா, அமத்ரிச்சானா என்ற பாஸ்தாக்களில் பன்றிக் கன்னக்கறி. சுப்ளி என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் கறிச் சாறு. பூசணிப்பூ வறுவல் என்று ஆசையாக வாங்காதீர்கள், உள்ளே நெத்திலி போன்ற மீன் இருக்கும். ‘காச்சோ எ பெப்பே’ பாஸ்தாவில் சீஸும் மிளகும்தான். ஆனால் அந்தப் பெக்கொரினோ சீஸை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதி. அதுவும் கூடாதென்றால் மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ இலை, எண்ணெய், அவ்வளவே. சூப்பில் காய் மட்டும் தெரிகிறது என்று நம்பாதீர்கள். ‘கறிச் சாறு சேர்ப்பீர்களா’ என்று கேளுங்கள். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் இரண்டு மூன்று மடங்கு.

கே: தண்ணீர் பாட்டில் எங்கே மலிவு?
– வேலூர் வாசகர்

ப: வாங்கவே வேண்டாம். தெருவெங்கும் ‘நசோனே’ என்ற இரும்புக் குழாய்கள், குடிநீர்தான். மூக்குப் போல வளைந்த குழாயின் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளையில் தண்ணீர் பீய்ச்சும். வாய் வைத்துக் குடிக்கலாம்.

கே: போப்பாண்டவரின் புதன்கிழமைச் சந்திப்புக்கு டிக்கெட் என்ன விலை? ஆன்லைனில் 40 யூரோ கேட்கிறார்கள்.
– நாகர்கோவில் வாசகி

ப: இலவசம். விலை சொல்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். முந்தைய நாள் பிற்பகல் வெண்கலக் கதவில் நிற்கும் சுவிஸ் காவலர்களிடம் வாங்கலாம். போப் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். உங்கள் பக்கத்து தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15இல் புனிதர் பட்டம் கொடுத்த அதே புனித பேதுரு சதுக்கம்தான். புதன் காலை பேராலயத்துக்குள் விட மாட்டார்கள், அதற்கு மதியம் வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான். குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் 320 ஏறியே ஆக வேண்டும், முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே நில்லுங்கள். அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசம், அன்றைய கூட்டத்துக்கு அந்த இலவசம் தகாது.

கே: பிக்பாக்கெட் உண்மையா?
– ஈரோடு வாசகர்

ப: உண்மை. டெர்மினி, மெட்ரோ ஏ தடம், 64ஆம் நம்பர் பஸ். பின்பையில் எதையும் வைக்காதீர்கள். தனியாகப் போகிறவருக்குப் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆகவே கார்டு ஒன்று உடம்பில், இன்னொன்று அறையில். பாஸ்போர்ட் போனால் முதலில் போலீஸ் புகார் நகல், பிறகு செப்டம்பர் 20 தெருவில் உள்ள இந்தியத் தூதரகம். பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலையும் தனியே வையுங்கள்.

கே: மழை பெய்தால் என்ன செய்வது?
– பெயர், ஊர் இல்லை

ப: பான்தியனுக்குப் போங்கள். கூரை உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். மழை நேராக உள்ளே விழுந்து, தரையில் உள்ள சிறு துளைகளில் வடியும். நுழைவு 5 யூரோ. நனைந்த பளிங்கு வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டுப் போங்கள்.