மருந்தடித்த தோப்பும் குழந்தையின் உதடும்

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, வீட்டை ஒட்டிய மாந்தோப்பில் பூவுக்கு மருந்தடித்தார்கள். குழந்தை பிளவுபட்ட மேலுதட்டுடன் பிறந்தது. அந்த மருந்துதான் காரணமா?
– ஒரு தாய், காவேரிப்பட்டணம்

பதில்: அந்தத் தெளிப்பு காரணமாக இருக்க முடியாது, அம்மா. கருவின் மேலுதடு 4-ஆவது வாரத்திலிருந்து 7-ஆவது வாரத்துக்குள் இருபுறமும் வளர்ந்து வந்து ஒட்டிக்கொள்கிறது; முன்பே முடிந்துவிட்ட அந்த வேலையை ஐந்தாம் மாதத்து மருந்து கலைக்காது. 1961-இல் கர்ப்பிணிகள் குமட்டலுக்கு உட்கொண்ட தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்தது வெளிப்பட்டபோதும், கைகால் உருவாகும் நாட்களில் தாய் அதை உட்கொண்டாரா என்பதே முக்கியச் சான்றாக அமைந்தது. நாள் பொருந்தினால்தான் எந்த மருந்து, எவ்வளவு பட்டது, அது பட்ட மற்றத் தாய்மாரிடமும் இதே குறை கூடுதலாகத் தெரிகிறதா என்று ஆராய்வார்கள். தொடக்க வாரங்களில் வலிப்பு மாத்திரை உட்கொண்டிருந்தால், அதையும் குடும்பத்தில் யாருக்கேனும் உதட்டுப் பிளவு உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் மீது பழியில்லை. உதட்டைப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் தைத்துச் சேர்ப்பார்கள். இப்போதே அழைத்துச் செல்லுங்கள்.