மங்கில் நிற்கிற தண்ணீர்

போன மாதம் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில் தொலைநோக்கியை நிறுத்தினோம். மழை மேகம் வந்து வானத்தை மூடிவிட்டது. காட்ட ஒன்றுமில்லை, கேள்விகள்தான் மிஞ்சின. சீட்டில் எழுதிக் கொடுத்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் பாறைக் கோள்களுக்குத் தண்ணீர் எப்படி வரும், சார்? (படிவம் 5 மாணவி)

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன பாட்டி இருந்தால் கேட்டுப் பாரம்மா. மழைக்கு மறுநாள், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் தண்ணீர் நிற்கும். அது வெளியே இருந்து விழுந்தது. பால் மரத்துக்குள்ளிருந்து வடிவது. கோளுக்கும் இந்த இரண்டு வழியும் உண்டு.

முதலில் மழை வழி. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சூடு அதிகம், பனி உறையாது. நம் சூரியனுக்கு அந்த எல்லை, பூமி இருக்கும் தூரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கில் இருந்தது. அதற்கு அப்பால் ஈரத்தோடு உருவான சிறுகோள்களைப் பெரிய கோள்களின் ஈர்ப்பு உள்பக்கம் தள்ளிவிடும். அவை பாறைக் கோள்மேல் வந்து மோதும். பூமியின் எடையில் கடல் 0.02 விழுக்காடுதான், அதனால் சொற்பமே போதும்.

வால்மீன் கொண்டுவந்ததாகப் படித்தேனே?

கொஞ்சம் கொண்டுவந்திருக்கலாம். 2014இல் ரொசெட்டா விண்கலம் 67பி வால்மீனில் அளந்தபோது, தண்ணீரின் பூர்வீகத்துக்கு அடையாளமாகப் பார்க்கப்படும் கன ஹைட்ரஜனின் (எடை கூடிய ஹைட்ரஜன் வகை) பங்கு நம் கடலில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. ஹார்ட்லி 2 வால்மீனிலோ கடலோடு ஒத்துப்போனது. ஆகவே எல்லா வால்மீனையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது.

பாறைக்குள் எப்படி ஐயா தண்ணீர் ஊறும்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. பழைய லயத்துத் தகரக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அதன்மேல் சூடான ஹைட்ரஜனைச் செலுத்தினால், ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும், இரும்பு மிஞ்சும். இளம் கோள் ஒன்று உருகிய பாறைக் கடலாகக் கொதிக்கும்போது, மேலே அடர்ந்த ஹைட்ரஜன் போர்வை இருந்தால் இதே வேலைதான் பெரிய அளவில் நடக்கும். பாறையிலும் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. 2025இல் வெளியான ஒரு சோதனையில், வைரங்களுக்கு இடையே தாதுவையும் ஹைட்ரஜனையும் நசுக்கி லேசரால் சுட்டார்கள். எதிர்பார்த்ததைவிட நிறையவே தண்ணீர் உண்டானது. பூமியைவிடப் பெரிய கோள்களுக்கு இந்த வழிதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. பனி எல்லைக்கு உள்ளேயே பிறந்தாலும் அவை வறண்டு கிடக்க வேண்டியதில்லை.

யாராவது பார்த்திருக்கிறார்களா?

கடலைப் பார்க்கவில்லை. ஆனால் 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, சுமார் 370 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிடிஎஸ் 70 நட்சத்திரத்தைச் சுற்றும் தூசித் தட்டின் உட்பகுதியில், பாறைக் கோள்கள் உருவாகக்கூடிய இடத்தில், நீராவியைக் கண்டது. அதே ஆண்டு, டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் டிராப்பிஸ்ட்-1 பி என்ற பாறைக் கோளை அளந்தபோது அடர்ந்த காற்றுமண்டலம் இருப்பதாகத் தெரியவில்லை. காற்றுப் போர்வை இல்லாவிட்டால் மேற்பரப்பில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் வருவது ஒன்று, தங்குவது வேறு.

இங்கே பைப்பிலேயே தண்ணீர் வரவில்லை, வானத்துத் தண்ணீர் எதற்கு?

நியாயம்தான், அண்ணே. பைப் என் துறை இல்லை. ஆனால் நீங்கள் வாளியில் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அதில் ஒரு பங்கு சூரியனே பிறக்கும் முன் விண்மீன்களுக்கு இடையே உறைந்து கிடந்த பனியாக இருக்கலாம். பார்த்துச் செலவழியுங்கள்.